எதிர்மலைக்கு முதுகு காட்டியவர்கள்

எதிர்மலை முதன்முதலாக இடம்விட்டு நகர்ந்த காலையில் அதைக் கவனித்தவர் டெலஸ்கோப் அபு பாய். அவரும் அதை மலையின் கோளாறாக நினைக்கவில்லை, தன் கண்ணாடியின் கோளாறு என்றுதான் நினைத்தார். கூவுபாறை காட்சிமுனையில் கம்பித் தடுப்பின் ஓரமாக மூன்று காலில் நிற்கும் தொலைநோக்கியை வழக்கம்போலத் துடைத்து, வழக்கம்போல எதிர்மலைச் சரிவின் தகரக்கூரை வீடுகளுக்கு நேராக வைத்துக் குமிழைத் திருகினால், பழைய இடத்தில் படம் தெளியவில்லை, இன்னும் கொஞ்சம் திருக வேண்டியிருந்தது. மறுநாள் அதற்கும் மேலே கொஞ்சம். இப்படித் திருகித் திருகி ஒருநாள் குமிழ் முட்டிக்கொண்டு நின்றபோது, அவர் கண்ணாடியை விட்டுவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்தில் மாங்காய்க் கீற்றுக்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்த வேலுத்தாயிடம், "மலை கிட்ட வந்துருச்சுபோல," என்றார்.

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா பாய். நேத்தே நெனச்சேன். அங்கன மேயுற கோழி எந்த நெறம்னு தெரியுதே," என்றாள். மாங்காய் கேட்டு நின்ற பிள்ளைகளுக்கு மாங்காய் கொடுக்க வேண்டியிருந்ததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நேசமலர் அப்போது பாதையில் இருந்தாள். அவள் எப்போதுமே பாதையில்தான் இருப்பாள். நீலிச்சோலை தேசியப் பூங்காவுக்குள் வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது என்பது சட்டம், வழிகாட்டிகள் பன்னீர்மட்டத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஊர்க்குழு கேட்டு வாங்கிய ஏற்பாடு, அந்த வழிகாட்டிகளிலேயே நிற்காமல் நடக்கிறவள் நேசமலர் என்பது அவளோடு ஒருமுறை ஏறி இறங்கியவர்களின் கெண்டைக்கால் சொல்லும் உண்மை. சோதனைச் சாவடியில் அட்டைக்குப் பயந்து சாக்ஸுக்குள் மூக்குப்பொடியைத் தூவிக்கொண்டு சிரித்துக்கொண்டே கிளம்புகிற சுற்றுலாக்காரர்கள், சோலையின் ஈர இருட்டைத் தாண்டி, ஓடைமேல் போட்ட மரத்தைத் தாண்டி, புல்மேட்டு ஏற்றத்துக்கு வரும்போது சிரிப்பை எல்லாம் வழியில் விட்டுவிட்டு, அவள் பச்சைக் கோட்டின் முதுகில் மஞ்சள் எழுத்தில் இருக்கும் 'வழிகாட்டி' என்ற சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு இழுத்து இழுத்து ஏறுவார்கள்.

"அக்கா, கொஞ்சம் உக்காருவமா?"

"உக்காந்தா அட்டை ஏறும். வாங்க."

"இன்னும் எவ்வளவு தூரம்க்கா?"

"இந்தா, அடுத்த வளைவுதான்."

எல்லா வளைவிலும் அதையே சொல்வாள். பொய் என்று தெரிந்தாலும் அவர்கள் நடந்தார்கள், ஏனென்றால் அவள் போய்க்கொண்டே இருந்தாள், அந்தக் காட்டில் தனியாக நிற்பதற்கு அவர்களுக்குப் பயமாக இருந்தது.

அவள் உட்காராததற்குக் காரணம் ஊருக்குத் தெரியும். அவள் புருஷன் இன்னாசி, தேயிலை மூட்டை ஏற்றிய டிராக்டரோடு கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து இறந்தபோது அவளுக்குத் துக்கம் ஒரு பக்கம் வந்தது, எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆள் இன்னொரு பக்கம் வந்தான். லைன் வீடு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். வழிகாட்டி வேலைக்கு வீடு கிடையாது, கோட்டு மட்டும்தான். அடக்கத்துக்கு வந்திருந்த இன்னாசியின் அக்கா லூர்து, எதிர்மலை எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் பார்க்கிறவள், நேசமலரின் ஒரே மகள் பெனிட்டாவின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒனக்குன்னு ஒரு வீடு கெடச்சதும் வந்து கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். பள்ளிக்கூடம் வாசல்லயே இருக்கு."

அதில் தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் நேசமலரே அந்தப் பையின் வாயை முடிந்து கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் ஊர்க்குழுவின் சாமான் அறையில், மழைக் காலணிகளுக்கும் ஊன்றுகோல்களுக்கும் நடுவே படுத்தாள், விடியும் முன்பே எழுந்து நடந்தாள், முதல் கூட்டத்தை இறக்கிவிட்ட கையோடு அடுத்த கூட்டத்தை ஏற்றினாள். காட்சிமுனைக்கு வந்ததும், எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் நேரத்தில், அபு பாய் ஒன்றும் கேட்காமல் தொலைநோக்கியை அவள் பக்கம் திருப்பிவிடுவார். அவள் பார்ப்பது மலையை அல்ல. எதிர்மலை லைன் வீடுகளின் முன்னால் ஒரு கொடி கட்டியிருக்கும், அந்தக் கொடியில் ஒரு நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் காயும். காய்ந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்துவிட்டாள். காயாவிட்டால் நேசமலர் இறங்கும்போது இன்னும் வேகமாக இறங்குவாள், ஏறும்போது இன்னும் வேகமாக ஏறுவாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்போல இருக்கும் எதிர்மலைக்குப் போக வேண்டுமென்றால் இந்த மலையை முழுக்க இறங்கிச் சமவெளிக்குப் போய், பஸ் மாறி, மாநில எல்லையைக் கடந்து, அந்த மலையை முழுக்க ஏற வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போவாள். கடைசியாகப் போனபோது பெனிட்டா அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கேக்கை வாங்கிக்கொண்டு, அத்தையிடம் மெதுவாகக் கேட்டது நேசமலரின் காதில் விழுந்தது: "அவங்க எப்பப் போவாங்க?"

அந்த 'அவங்க' பனிக்காலம் முழுக்க நேசமலரின் செருப்புக்குள் கல்லாகக் கிடந்து உறுத்தியது. அது உறுத்திக்கொண்டிருந்த மாதங்களில்தான் எதிர்மலை கிட்டே வர ஆரம்பித்தது.

மலை எப்போதும் யாரும் பார்க்காத வேளையில்தான் நகர்ந்தது, சத்தம் போடவில்லை, ஒரு மரத்தைக்கூடச் சாய்க்கவில்லை, மேலே மேய்ந்த காட்டெருமைகளுக்கு அது தெரிந்ததாகவும் தோன்றவில்லை. நடுவில் ஓடிய ஆறு என்ன ஆனது என்று முதலில் யாரோ கேட்டார்கள், எட்டிப் பார்த்தால் அது ஒரு நாடாபோலத் தன்னை மடித்து வைத்துக்கொண்டு ஓடியது, அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஊரில் மலை வந்ததைவிட அது ஏன் இந்தப் பக்கம் வந்தது என்பதுதான் பேச்சாக இருந்தது. அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் மாதாகோயில் மணியை மாற்றிவிட்டார்கள், அந்தச் சத்தம் மலைக்குப் பிடிக்கவில்லை என்றார்கள் சிலர். இத்தனை வருஷமாக வருகிறவன் போகிறவன் எல்லாம் இங்கே நின்று அதைப் பார்த்து 'வா வா' என்று கூவினால் அதுவும் எத்தனை நாள்தான் சும்மா இருக்கும் என்றாள் வேலுத்தாய். சமவெளியிலிருந்து நில அளவை தெரிந்த ஒருவர் கருவிகளோடு வந்து அளந்து பார்த்து, மலை தன் இடத்தில்தான் இருக்கிறது, காட்சிமுனை நகர்ந்திருக்க வாய்ப்புண்டு என்று சொல்லி, ஒரு மாங்காயும் வாங்கித் தின்றுவிட்டு இறங்கிப் போனார்.

எதிரொலிதான் முதலில் கெட்டது. முன்பெல்லாம் கூவுபாறையில் நின்று கூவினால், அது பள்ளத்தைக் கடந்து எதிர்மலையைத் தொட்டுத் திரும்பி வருவதற்குள் ஒருவர் ஒரு மிடறு டீ குடித்துவிடலாம், அந்த மிடறுக்காகத்தான் ஜனங்கள் அவ்வளவு தூரம் ஏறி வந்தார்கள். இப்போது பதில் சீக்கிரம் வந்தது. பிறகு இன்னும் சீக்கிரம். கோடை விடுமுறைக்குள், கூவுகிறவர்கள் வாயை மூடும் முன்பே பதில் வந்து அவர்கள் சத்தத்தோடு மோதியது. குழந்தைகள் யாரோ குறுக்கே பேசுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் எதிரொலியே நின்றுவிட்டது, அதற்குப் பதிலாக ஆள் பதில் சொன்னது.

"யாரது, காலங்காத்தால ஊளையிடுறது? இங்க கைப்புள்ளைக தூங்குதுல்ல!"

அது லூர்துவின் குரல். நேசமலருக்கு அதைக் கேட்டதும் கால் தரையில் நிற்கவில்லை. பின்னால் இருபது பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, தடுப்புக் கம்பிக்கு ஓடிப்போய்க் கையைக் குவித்து, "மதினி! நான்தான், நேசா!" என்று கத்தினாள்.

"நீயா? நீ ஏன்டி கத்துற? அதான் கேக்குதுல்ல."

அதற்குப் பிறகு வந்த நாட்களை இரண்டு மலைக்காரர்களும் திருவிழாபோலக் கழித்தார்கள். மலை வருவதைப் பார்க்க ஜனம் திரண்டது, சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் வரிசை கட்டி நின்றன, அபு பாய் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்து மலையைத் தள்ளி வைத்துக் காட்டி அதற்கும் ஆள் பிடித்தார். இடைவெளி ஒரு தெரு அகலத்துக்கு வந்தபோது இந்தப் பக்கத்துக் கறிவேப்பிலை அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்து ஏலக்காய் இந்தப் பக்கம் வந்தது, இரண்டு கல்யாணங்கள் பேசி முடிக்கப்பட்டு ஒன்று முறிந்தது. ஒரு முற்றத்து அகலத்துக்கு வந்தபோது வனத்துறை இந்தப் பக்கம் 'மலையைத் தொடாதீர்கள்' என்று ஒரு பலகை வைத்தது, அந்தப் பக்கத்து அரசாங்கம் அதையே அவர்கள் மொழியில் எழுதி வைத்தது. சாமான் கடக்கலாம், ஆள் கடக்கக் கூடாது என்பதும், நகர்கிற மலையில் கால் வைப்பது நல்லதில்லை என்பதும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

நேசமலர் அந்த நாட்களில் ஏறுவதையும் இறங்குவதையும் யாராலும் எண்ண முடியவில்லை. நீலப் பாவாடையை முதலில் கண்ணாடி இல்லாமல் பார்த்தாள், பிறகு பாவாடைக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் முழங்காலில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தாள். பெனிட்டா முதலில் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கொடிக்கம்பம் வரை வந்தாள். இந்தப் பக்கம் நின்று பச்சைக் கோட்டை ஆட்டுகிற பெண் தினமும் இருக்கிறாள், போவதில்லை, போனாலும் கொஞ்ச நேரத்தில் வேறு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறாள் என்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் விளிம்புக்கே வந்து கேட்டாள்:

"நீங்க ஏன் உக்காரவே மாட்டேங்கிறீங்க?"

"பழகிப்போச்சு."

"கால் வலிக்காதா?"

"வலிக்கும்."

பிள்ளை யோசித்தாள். "அத்தைக்கும் வலிக்கும். நான் மிதிச்சு விடுவேன்," என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்தபோது இடைவெளி ஒரு எட்டு வைக்கும் அகலம்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் மட்டும் அது அகலமில்லை, ஆழம். கீழே எங்கோ அந்த நாடா ஆறு மினுங்கும், பார்த்தவர்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பெனிட்டாவைத் தூக்கி இந்தப் பக்கம் வைக்கலாம் என்று நேசமலர் ஒருநாள் கை நீட்டியபோது பிள்ளை கீழே பார்த்துவிட்டு அலறிய அலறலில் காப்பகத்துக் குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன.

"தூக்கி எங்க கொண்டுபோயி வைக்கப் போற? பூட்ஸ் ரூம்லயா?" என்றாள் லூர்து.

"அப்ப நான் வரேன் மதினி."

"வந்து? என் வீட்ல ரெண்டு பாய்தான் இருக்கு. வெளி ஆள் லைன்ல தங்கினா எனக்கும் வேலை போயிரும். வீடு கெடைக்கட்டும்னுதான நானும் சொல்றேன். ஒன்னைய வேணாம்னா சொல்றேன்?" லூர்து சொல்லிவிட்டு, உள்ளே போய், ஒரு சீப்பையும் இரண்டு சிவப்பு ரிப்பனையும் எடுத்து நீட்டினாள். "இந்தா, எனக்கு அங்க பால் பொங்குது. இவளுக்குச் சடை பின்னி விடு."

அன்றிலிருந்து பள்ளிக்கூட நாட்களின் காலையில், பெனிட்டா தன் மலையின் விளிம்பில் முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்காருவாள், தலையைப் பின்னால் சாய்ப்பாள், நேசமலர் தன் மலையில் நின்றபடி, கம்பிக்கு மேலே இரண்டு கையையும் நீட்டி, அந்தப் பள்ளத்துக்கு மேலே வைத்து அந்தத் தலையைச் சீவுவாள். கீழிருந்து வரும் காற்றில் முடி மேலே எழும்பும். அதை அமுக்கி, வகிடு எடுத்து, மூன்றாகப் பிரித்து இறுக்கிப் பின்னி, காதுக்கு மேலே மடித்துக் கட்டுவாள். அந்த நேரம் மட்டும் அவள் கால்கள் அசையாமல் நின்றன. பின்னி முடித்ததும் திரும்ப ஆரம்பித்துவிடும்.

ஆனால் பன்னீர்மட்டம் அதற்குள் மலைமேல் அலுத்துப்போயிருந்தது. கிழக்கே வந்து நின்ற மலை காலை வெயில் மொத்தத்தையும் மறைத்தது, துணி காயவில்லை, தேயிலைக் கொழுந்து வெளிறியது, பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. அந்தப் பக்கத்துச் சேவல் இந்தப் பக்கத்து ஆட்களை எழுப்பியது, அந்தப் பக்கத்துக் கருவாட்டு வாசனை இந்தப் பக்கத்துச் சைவக்காரர்களைத் துரத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றுவிட்டது. அவ்வளவு தூரம் அட்டைக்கடி பட்டு ஏறி வந்து, மூக்குக்கு நேரே ஒரு கொடியில் காயும் யாரோ ஒருவரின் பனியனைப் பார்க்க யார் வருவார்கள்? கடைசியாக வந்த கூட்டத்தில் ஒருவர், "வியூ எங்கங்க?" என்று கேட்டார். நேசமலர் கையைக் காட்டினாள். அவர் லூர்துவைப் பார்த்தார், லூர்து அவரைப் பார்த்தாள், அவர் இறங்கிப் போய்விட்டார்.

ஊர்க்குழுத் தலைவர் மாசிலாமணி, கூவுபாறையிலேயே கூட்டம் போட்டால் எதிர்ப்பக்கம் கேட்கும் என்பதால், சோலைக்குள் கூட்டம் போட்டார். மலையை எப்படி அனுப்புவது என்று நீண்ட நேரம் பேச்சு நடந்தது. பட்டாசு வெடிக்கலாம் என்றார்கள், பூசை போடலாம் என்றார்கள், மனுக் கொடுக்கலாம் என்றார்கள். கடைசியில் வேலுத்தாய்தான் சொன்னாள்: "யானை வந்தா என்ன செய்வோம்?"

பட்டாசையும் பூசையையும் மனுவையும் எல்லாரும் அங்கேயே கைவிட்டார்கள், ஏனென்றால் அது அவ்வளவு சரியாக இருந்தது.

பன்னீர்மட்டத்து லைன் வீடுகளின் முற்றத்துக்கு யானை வந்து நின்றால் யாரும் கத்த மாட்டார்கள், தீப்பந்தம் காட்ட மாட்டார்கள். வீட்டு ஆட்கள் எல்லாரும் வாசலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்காருவார்கள், உட்கார்ந்து சந்தைச் சேதி, சம்பந்தச் சேதி, குழாயடிச் சண்டை என்று எதையாவது சத்தமாக, ஒருவர் மாற்றி ஒருவர், விடாமல் பேசுவார்கள். யானைக்குக் கொஞ்ச நேரம் புரியாது. அப்புறம் கூச்சம் வந்துவிடும். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அது தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போய்விடும். ஒரே ஒரு ஆள் திரும்பிப் பார்த்தாலும் போகாது. இந்த ஊரில் அப்படித் திரும்பிப் பார்த்த ஒரே ஆள் நேசமலர்; கல்யாணமாகி வந்த புதிதில், உட்கார முடியாமல் நெளிந்து நெளிந்து திரும்பிவிட்டாள், அன்றைக்கு அந்த யானை இன்னாசியின் வாழைக்கொல்லை முழுவதையும் நின்று நிதானமாகத் தின்றுவிட்டுத்தான் போனது.

எல்லாருடைய கண்ணும் அவள்மேல் திரும்பியது.

"ஏ நேசா," என்றார் மாசிலாமணி, "ஒன்னையத்தான். மலை போயி, ஆளுக திரும்ப வர ஆரம்பிச்சா, சாவடி பக்கத்துல பூட்டிக் கெடக்குற வீட்டை ஒனக்குத் தர்றதுன்னு குழுவுல பேசியாச்சு. ரெண்டு ரூம்பு. வீடு இருந்தா புள்ளைய யாரு தடுக்கப்போறா? போயி ராஜாத்தியாட்டம் கூட்டிட்டு வா. ஆனா அன்னைக்கு நீ திரும்பக் கூடாது."

"மலை போயிட்டா புள்ளையும் போயிருமேண்ணே."

"எங்க போயிரும்? இருந்த எடத்துலதான இருக்கப்போவுது. பஸ் ஓடுதுல்ல?"

"அவ மறந்துருவாண்ணே."

மாசிலாமணி நல்ல மனுஷன்தான். "மறந்தா மறுபடி ஞாபகப்படுத்திக்கலாம்," என்றார். அவருக்குப் பிள்ளைகள் கூடவே இருந்தார்கள்.

அந்த இரவு முழுக்க நேசமலர் மழைக் காலணிகளுக்கு நடுவே புரண்டாள். இரண்டு அறை என்றார்கள். மனசுக்குள்ளேயே ஒரு அறையில் பாய் விரித்தாள், அடுத்த அறையில் அடுப்பு வைத்தாள், கொடி கட்டினாள், கொடியில் நீலப் பாவாடையைக் காயப் போட்டாள், காயப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அந்தப் பாவாடைக்குள் வளர்ந்த ஒரு பெண் நின்று, மரியாதையாக, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

மறுநாள் வெள்ளி. வெயில் வழக்கம்போல மலைக்குப் பின்னால். ஊர் முழுக்கக் காட்சிமுனைக்கு ஏறி வந்து, பாய், சாக்கு, பழைய விளம்பரத் தட்டி என்று கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு நின்றது. நேசமலர் கம்பியோரம் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். வலப்பக்கச் சடையைப் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டியாகிவிட்டது. இடப்பக்கத்து முடியைக் கையில் எடுத்தபோது மாசிலாமணி விசில் ஊதினார்.

"உக்காருங்க, உக்காருங்க. எல்லாரும் காட்டைப் பாத்து உக்காருங்க. நேசா, விடு, வா."

"ஒரு சடை இருக்குண்ணே."

"பொழுது ஏறுது. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காக. வா."

நேசமலர் முடியை விட்டாள். காற்று அதை மேலே தூக்கியது. "அத்தையப் பின்னச் சொல்லு," என்றாள். "அத்தைக்கு இறுக்கிப் பின்ன வராது," என்றாள் பெனிட்டா, கையில் மிச்ச ரிப்பனோடு, ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரித்த முடியுமாக.

வரிசையின் கடைசியில், கம்பிக்கு மிக அருகில் இருந்த இடம்தான் காலியாக இருந்தது. நேசமலர் அங்கே உட்கார்ந்தாள். ஊர் முழுக்க எதிர்மலைக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து, வாய் திறந்தது. முதலில் மாசிலாமணி பூண்டு விலையைப் பற்றிப் பேசினார். அவருக்கு அடுத்தவர் பூண்டை எங்கே வாங்கினால் மலிவு என்றார். அடுத்தவர் அங்கே வாங்கிய பூண்டு சொத்தை என்றார். பேச்சு வரிசையில் கை மாறிக் கை மாறிக் கடைசிவரை போனது.

"நேசா, ஒன் வீட்ல பூண்டுக் கொழம்பு வப்பியா?" என்றாள் பக்கத்தில் இருந்த வேலுத்தாய்.

"வப்பேன்க்கா. அவருக்குப் பிடிக்கும்," என்றாள் நேசமலர். குரல் ஒழுங்காகத்தான் இருந்தது.

பேச்சு வரிசையின் அந்த முனைக்குப் போனது. அபு பாய் தன் மச்சான் வீட்டு நிக்காஹ்வில் பிரியாணி தீர்ந்துபோன கதையைச் சொன்னார், எல்லாரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். பின்னால் மலை என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் பார்க்கக் கூடாது, ஆனால் யானை யோசிக்கும்போது கேட்கும் ஒரு மாதிரியான அமைதி எல்லாருடைய முதுகிலும் வந்து உட்கார்ந்தது. வேலுத்தாயின் காதருகே கோட்டின் சரசரப்பு கேட்டது. நெளிகிறாள், திரும்பப் போகிறாள் என்று நினைத்து வேலுத்தாய், காட்டை விட்டுக் கண்ணெடுக்காமலே, "நேசா, திரும்பிராதடி," என்று கிசுகிசுத்தாள். கம்பி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

பின்னால், கொஞ்சம் தள்ளி, லூர்துவின் குரல் கேட்டது.

"ஏ! ரெண்டு பாய்தான் இருக்குன்னு சொன்னேன்ல!"

"தரையில படுத்துக்கிறேன் மதினி."

"என் வேலை போனா?"

"ரெண்டு பேருமா நடப்போம்."

அதற்கு லூர்து ஏதோ சொன்னாள், அது சரியாகக் கேட்கவில்லை. திட்டுவதுபோலவும் இருந்தது, மூக்கைச் சிந்துவதுபோலவும் இருந்தது.

வரிசையில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, அவள் கம்பியைத் தாண்டி அந்த மலைக்காரியாகிவிட்டாள். ஒருவரும் திரும்ப முடியாது. ஒருவர் திரும்பினாலும் மலை நின்றுவிடும், அது வந்தும் சேராமல் போயும் சேராமல் நட்டநடுவில் நின்றுவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. மாசிலாமணியின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் அவர் காட்டைப் பார்த்தபடியே இருந்தார். பேச்சு நிற்கக் கூடாது. அது குழாயடி வழியாக, சந்தை வழியாக, முறிந்துபோன கல்யாணத்தின் வழியாகத் திரும்பிக் கடைசிக்கு வந்தது. பக்கத்து இடம் காலி என்று வேலுத்தாய்க்குத் தெரியும். இருந்தாலும் முறை முறைதானே. முன்னால் இருந்த நாவல் மரத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

"நேசா, என்னடி செய்யுற?"

கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது.

"சடை பின்றேன்க்கா."

மறுபடி ஒரு சுற்று. இந்தத் தடவை வேலுத்தாய் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"முடிஞ்சுதா?"

ஒரு மிடறு டீ குடிக்கும் நேரம் கழித்து, பள்ளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, மெலிந்து, காற்றில் அசைந்து வந்தது:

"ரிப்பன் கட்டுறேன்க்கா..."

வேலுத்தாயின் கண்ணிலிருந்து வழிந்தது, துடைத்தால் தலை திரும்பிவிடுமோ என்று பயந்து அவள் துடைக்கவில்லை. அப்படியே வழியவிட்டு, பூண்டு விலை அடுத்த வாரம் இறங்கும் என்று சொன்னாள். இறங்காது என்றார் பக்கத்தில் இருந்தவர். இறங்கும் என்று அவள் சண்டை போட்டாள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, வெகு நாளாகத் தொடாத ஏதோ ஒன்று மெல்ல எல்லாருடைய முதுகையும் தொட்டது. முதலில் கழுத்தை, பிறகு தோளை. வெயில். காலை வெயில். வரிசை மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டு அது முதுகு முழுக்கப் பரவும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ம்," என்றார் மாசிலாமணி. எல்லாரும் திரும்பினார்கள்.

பள்ளத்தாக்கு இருந்தது. அடியில் ஆறு மடிப்பு விரிந்து ஓடியது. அதற்கு அப்பால், நீலம் பூசிக்கொண்டு, ஒன்றுமே தெரியாததுபோல எதிர்மலை தன் பழைய இடத்தில் நின்றது. அபு பாய் ஓடிப்போய்த் தொலைநோக்கியைப் பிடித்து, குமிழைத் திருகினார், திருகினார், பழைய இடம் வரும்வரை திருகினார்.

"என்ன தெரியுது பாய்?"

"கொடியில பச்சைக் கோட்டு தொங்குது."

"அவ?"

அபு பாய் கண்ணாடியில் கண்ணை வைத்தபடியே குமிழை இன்னும் ஒரு இழை திருகினார். அப்புறம் தள்ளி நின்று, வேலுத்தாய்க்கு இடம் விட்டார். வேலுத்தாய் பார்த்தாள். மாசிலாமணி பார்த்தார். ஒருவர் சொல்லி மற்றவர் நம்பாததால், ஊர் முழுக்க ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கியது.

வீட்டு வாசற்படியில், காலை நீட்டி, சுவரில் தலை சாய்த்து, நேசமலர் உட்கார்ந்திருந்தாள். இரண்டு சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பிள்ளை, விழுந்துவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் கால்களை மிதித்துக்கொண்டிருந்தாள்.